மண்பாதைக்கு எது நல்லது: தனி ஜிபிஎஸ் கருவியா, போனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் ரோட்டில் எந்த ஆப் வழி சொன்னாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். தவறினாலும் நிறுத்திக் கேட்க யாராவது இருப்பார்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில்தான் இந்தக் கேள்விகளெல்லாம் பிறக்கின்றன. நான் பல வருடங்களாகப் போன், தனிக் கருவி இரண்டையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவையும், யாரும் கேட்காமல் விட்டுவிடுகிற சில முக்கியமான விஷயங்களும் இங்கே இருக்கின்றன.

டவர் இல்லாத இடத்தில் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. போனில் இருக்கும் சிப் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். 4 செயற்கைக்கோள்களைக் கேட்டால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டுவிடும். இதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். தனிக் கருவி செய்வதும் இதே வேலைதான்.

டவர் போனதும் காணாமல் போவது மேப். வழக்கமாக நாம் பயன்படுத்தும் மேப் ஆப்கள் படத்தைத் துண்டு துண்டாக இணையத்திலிருந்து இழுத்துக் காட்டுகின்றன. இணைப்பு அறுந்தால் நீலப் புள்ளி சரியான இடத்தில்தான் நிற்கும், சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்வது இதைத்தான். தனிக் கருவியில் மேப் முழுக்கவும் கருவிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அதற்கு இந்தக் கஷ்டம் வருவதில்லை. போனிலும் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இரண்டும் இந்த விஷயத்தில் சமம்.

ஆனால் டவர் இல்லாத இடத்தில் போன் இடத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் எடுக்கிறதே?

உண்மைதான், காரணம் இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை டவர் இருக்கும்போது போன் இணையம் வழியாக வாங்கிக்கொள்கிறது. அதனால் சில நொடிகளில் புள்ளி வந்துவிடும். டவர் இல்லையென்றால் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அது அனுப்பும் வேகமோ நொடிக்கு 50 பிட் மட்டும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் 30 நொடிக்கு ஒருமுறை வரும். மொத்தக் கூட்டத்துக்குமான பொது விவரம் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும்.

ஆகவே போனை ரொம்ப நேரம் அணைத்து வைத்திருந்து, டவரே இல்லாத இடத்தில் ஆன் செய்தால், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஓட்டிக்கொண்டே காத்திருந்தால் இன்னும் தாமதமாகும், மரத்தடியில் நின்றாலும் அப்படித்தான். தார் ரோட்டிலேயே, டவர் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து புள்ளியைப் பிடித்துவிட்டு உள்ளே போவது நல்ல பழக்கம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

வருடத்துக்கு நாலைந்து முறை மூடிய காரில் உள்பாதைக்குப் போகிறவர் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். இருக்கும் போனில் ஆஃப்லைன் மேப்பை இறக்குங்கள். நல்ல ஸ்டாண்டு ஒன்றும், சரியான சார்ஜர் ஒன்றும் வாங்குங்கள். போதும்.

அடிக்கடி போகிறவர், நாள் முழுக்க ஓட்டுகிறவர், பைக்கிலோ திறந்த ஜீப்பிலோ போகிறவர், கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் ஓட்டுகிறவர் என்றால் தனிக் கருவிக்குக் காசு கொடுக்கலாம். அதன் உண்மையான பலம் மேப்பிலோ துல்லியத்திலோ இல்லை. தாங்குவதில்தான் இருக்கிறது. வெயில், மழை, குலுக்கல், தூசி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, நடுவில் போன் அழைப்பு எதுவும் வந்து படத்தை மறைக்காமல், ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

தனிக் கருவி வாங்கினாலும் போனை ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தைப் பெயரால் தேடுவது, முந்தின நாள் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி "இந்தத் தடம் ஆற்றைக் கடக்கிறதா" என்று பார்ப்பது, இதிலெல்லாம் தனிக் கருவி போனுக்குப் பக்கத்தில்கூட வராது.

துல்லியம் எதில் அதிகம்?

திறந்த வானத்தில் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். தனிக் கருவியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத்தில் நிறுத்தியது. அதற்கு முன்பு சாதாரண மக்களுக்குக் கிடைத்த துல்லியம் 100 மீட்டர் அளவில் இருந்தது. இப்போது அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் போன்கள் சேர்த்தே கேட்கின்றன. 2018 முதல் இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன்களும் வந்துவிட்டன. பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலால் ஏற்படும் குழப்பம் அவற்றில் குறைவு.

ஆழமான பள்ளத்தாக்கு, அடர்ந்த ஈரக் காடு, செங்குத்துப் பாறை ஓரம் என்றால் எல்லாமே தடுமாறும். அங்கே கருவியின் விலையைவிட அது வண்டியில் எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கும். கியர் பக்கத்தில் கிடக்கும் விலை உயர்ந்த போனைவிடக் கண்ணாடியை ஒட்டி நிற்கும் சாதாரண போன் வானத்தை நன்றாகப் பார்க்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி இருந்தால் மட்டும் கவனம் தேவை, அது சிக்னலையும் தடுக்கும்.

துல்லியத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. மண்பாதையில் யாரும் 5 மீட்டரால் வழி தவறுவதில்லை. தவறான பிரிவில் திரும்பித்தான் தவறுகிறார்கள்.

வெயிலில் போன் நின்றுவிடுமா?

நிற்கும், அதுவும் மிகத் தேவையான நேரத்தில். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நடுப்பகல். போன் டேஷ்போர்டின் மேல் ஸ்டாண்டில். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, திரை முழு வெளிச்சத்தில், மேப் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் திரை மங்கியது. வெளிச்சக் கோட்டை இழுத்துப் பார்த்தேன், முழுதாகத்தான் இருந்தது. ஆனாலும் மங்கல். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் ஏறுவது நின்றது. அப்புறம் கறுப்புத் திரையில் வெப்ப எச்சரிக்கை ஒன்று மட்டும். எடுத்துப் பார்த்தால் பின்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. எதிரே பாதை மூன்றாகப் பிரிந்திருந்தது. இருக்கைக்கு அடியில் நிழலில் வைத்து, அது ஆறி மறுபடி எழுந்து வரும்வரை இருபது நிமிடம் அந்தப் பிரிவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இது பழுது இல்லை, போன் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப அளவு 0 முதல் 35 டிகிரி செல்சியஸ்வரை. வெயில் நேராக விழும் டேஷ்போர்டு அதை வெகு சீக்கிரம் தாண்டிவிடும். முழு வெளிச்சம், சார்ஜ், ஜிபிஎஸ் மூன்றும் போனை உள்ளிருந்தும் சூடாக்குகின்றன. வயர்லெஸ் சார்ஜர் ஸ்டாண்டு என்றால் இன்னும் மோசம், அதுவே தனிச் சூடு.

அன்றிலிருந்து என் போன் ஏசி காற்று வரும் துவாரத்துக்கு நேரே நிற்கிறது. உறையைக் கழற்றிவிடுகிறேன். சார்ஜ் 80 சதவீதம் வந்ததும் வயரைப் பிடுங்கிவிடுகிறேன். வண்டிக்கென்றே செய்த தனிக் கருவிகள் இந்தச் சூட்டை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் வெப்ப வரம்பு கூடுதல். வெயிலில் திரையைப் படிப்பதும் நல்ல மாடல்களில் எளிது.

சார்ஜரில் போட்டிருந்தும் பேட்டரி இறங்குகிறதே?

பழைய வண்டிகளில் இருக்கும் யூஎஸ்பி துளை பல சமயம் 0.5 ஆம்பியர்தான் தரும். அதாவது 2.5 வாட். திரை எரிய, ஜிபிஎஸ் ஓட, டவரைத் தேடிப் போன் அலைய, அது எப்படிப் போதும்? சிகரெட் லைட்டர் துளையில் போடும் 12 வோல்ட் சார்ஜரை, 18 வாட்டுக்கு மேல் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். வயரும் தடிமனாக, நல்லதாக இருக்கட்டும். மண்பாதைக் குலுக்கலில் முதலில் கழன்றுபோவது அந்த வயரின் முனைதான், அதனால் உபரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

டவர் இல்லாத பகுதிக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாத டவரைத் தேடித் தேடித்தான் போன் பாதி பேட்டரியைத் தின்கிறது. இப்போதைய போன்களில் அந்தப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் ஓடும். உங்கள் போனில் ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு?

இங்கே நான் தயங்காமல் தனிக் கருவியின் பக்கம்தான். மூன்று காரணங்கள். முதலாவது அதிர்வு. பைக் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. மற்ற பல போன்களிலும் அதே மாதிரி நுண்ணிய அசையும் பாகம் உண்டு. போனைத்தான் மாட்டியாக வேண்டும் என்றால் அதிர்வை உறிஞ்சும் ரப்பர் வைத்த ஸ்டாண்டு கட்டாயம்.

இரண்டாவது மழை. போன் திரைமேல் விழும் ஒவ்வொரு துளியும் விரல் தொட்டது மாதிரி. மேப் தானாகப் பெரிதாகும், சுருங்கும், எங்கோ நகரும். மூன்றாவது கையுறை. சாதாரணக் கையுறையோடு போன் திரையைத் தொட்டால் அது அசையாது. கையுறையைக் கழற்றி, மாட்டி, கழற்றி என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் பைக் கருவிகளின் விலை ஏன் அப்படி என்று புரியும். கையுறையோடு தொடும் திரை அல்லது பக்கவாட்டில் பொத்தான், இரண்டில் ஒன்று இருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.

போனில் எந்த ஆப்?

ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு மேப்பிலிருந்து வருவதாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரே மேப்பை வைத்து ஓடும் இரண்டு ஆப்கள் ஒரே தவறைத்தான் இரண்டு முறை சொல்லும்.

கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கி வைக்கலாம். ஆஃப்லைனில் அது கார் வழி சொல்லும். நெரிசல் விவரம், மாற்று வழிகள், நடந்து போகும் வழி ஆகியவை வராது. ஆப்பிள் மேப்ஸுக்கு 2023-ல் ஆஃப்லைன் வசதி வந்தது.

மண்பாதைக்கு என் முதல் தேர்வு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆப்கள். 2004-ல் தொடங்கி உலகம் முழுக்க மக்களே வரைந்துவரும் மேப் அது. ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, வேகமானது, விளம்பரம் இல்லாதது. ஓஎஸ்எம்ஆண்ட் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனால் ஆழமானது. சமஉயரக் கோடுகள், தரைப்பரப்பின் தன்மை எல்லாம் காட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு வண்டித்தடத்தின் உறுதியை 1 முதல் 5 வரை குறிக்கும் வழக்கம் உண்டு. 1 என்றால் கெட்டியான பாதை, 5 என்றால் வெறும் மண், புல். வரைந்தவர் அதைக் குறித்திருந்தால், போவதற்கு முன்பே உங்கள் வண்டிக்கு அந்தப் பாதை ஆகுமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்தும் கைவிட்டுவிட்டது. ஏன்?

பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். இறக்கிய கட்டத்துக்கு வெளியே பாதை போயிருக்கும். மேப் பழசாகிக் காலாவதியாகியிருக்கும். படம் மட்டும் இறங்கி, வழி கணக்கிடும் தரவு இறங்காமல் இருந்திருக்கும், சில ஆப்களில் இரண்டும் தனித்தனி. அல்லது இடம் நிரம்பிப் பாதியிலேயே நின்றிருக்கும்.

கிளம்பும் முந்தின நாள் ராத்திரி வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறந்து, போகவேண்டிய இடத்துக்கு வழி கேளுங்கள். வழி வந்ததும் அந்தக் கோட்டின் மேலேயே விரலால் நகர்த்திக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள், படம் எங்கும் மங்கக் கூடாது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத பயணத்தில் "மேப் இருக்கிறது" என்று நான் சொல்லிக்கொள்வதே இல்லை.

காட்டிய வழியில்தான் போனேன், அங்கே ரோடே இல்லை. கருவி கெட்டுவிட்டதா?

கருவி சரி, மேப்தான் தவறு. தனிக் கருவியோ போனோ, இரண்டுக்கும் இது பொது.

மேப்பில் ஒரு கோடு வந்தது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். யாரோ வான்படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். பழைய நில ஆவணத்திலிருந்து எடுத்திருக்கலாம். மரம் வெட்டிய காலத்தில் லாரி போன தடமாக இருந்து, வேலை முடிந்ததும் புதர் மூடியிருக்கலாம். கோடையில் வண்டி போகும், மழைக்காலத்தில் ஓடையாகிவிடும் பாதையாக இருக்கலாம். மென்பொருளுக்கு அவையெல்லாம் ஒரே மாதிரியான கோடுகள்தான். "குறைந்த தூரம்" என்று அமைத்திருந்தால், இரண்டு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க உங்களை அந்தக் கோட்டில் இறக்கிவிடத் தயங்காது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012 டிசம்பரில் ஆப்பிள் மேப்ஸ் ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரத்தை அதன் உண்மையான இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, முர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அந்தப் பூங்காவில் தண்ணீர் கிடையாது, வெப்பம் 46 டிகிரிவரை போகும். அங்கே போய் மாட்டிக்கொண்டவர்களில் சிலர் 24 மணி நேரம்வரை உணவும் தண்ணீரும் இல்லாமல் இருந்தார்கள். விக்டோரியா மாநிலக் காவல்துறை பொது எச்சரிக்கையே விட்டது. தவறு பிறகு திருத்தப்பட்டது. அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்காவும், வழிகாட்டும் கருவிகளை மட்டும் நம்பி வராதீர்கள் என்று பார்வையாளர்களுக்குச் சொல்கிறது.

நான் செய்வது இதுதான். அமைப்பில் "வேகமான வழி" வைத்துவிட்டு, எந்த உள்பாதையில் போவது என்பதை நானே தேர்ந்தெடுத்து நடுவில் புள்ளிகள் வைத்துவிடுவேன். பாதை பிரியும் இடத்தில் கருவி ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொன்னால், இறங்கிப் போய்த் தரையைப் பார்ப்பேன். புது டயர்த் தடம் இருக்கிறதா? புல் மடிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? சக்கரப் பள்ளத்தில் சிலந்தி வலை அறுபடாமல் குறுக்கே நின்றால் இன்று அந்த வழியே எந்த வண்டியும் போகவில்லை. ஒருமுறை போன் இடம் என்றது, தனிக் கருவி வலம் என்றது, புதுத் தடம் வலத்தில் மட்டும் இருந்தது. வலத்தில் போனேன். மறுநாள் திரும்பும் வழியில் நடந்துபோய்ப் பார்த்தேன், இடப்பக்கப் பாதை முந்நூறு மீட்டரில் இடிந்த சிறு பாலத்தில் முடிந்துவிட்டது.

போய்ச் சேரும் நேரத்தை நம்பலாமா?

மண்பாதையில் கூடாது. ரோட்டின் வகையைப் பார்த்து ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. குழியும் கல்லும் அதற்குத் தெரியாது. ஒரு மணி நேரம் என்று காட்டிய 40 கிலோமீட்டர் எனக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. எரிபொருளையும் வெளிச்சத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றினேன். என் கருவி வேறு வழியில் கூட்டிப்போகிறதே?

ஜிபிஎக்ஸ் என்பது வழி விவரங்களைச் சேமித்து ஒருவருக்கொருவர் அனுப்பும் கோப்பு வகை. அதற்குள் மூன்று வகை விஷயங்கள் இருக்கலாம். தனிப் புள்ளி, ரூட், டிராக். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும், நடுவில் எப்படிப் போவது என்பதைக் கருவி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். உங்கள் கருவியின் மேப்பும் அமைப்பும் நண்பருடையதிலிருந்து வேறு என்றால் வழியும் வேறாகத்தான் வரும். டிராக் என்பது ஒரு வண்டி உண்மையிலேயே போன தடம், சில மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பதிவானது. அதைக் கருவி மாற்றாது, மேப்பின் மேல் கோடாகப் போட்டுக் காட்டும்.

உள்பாதைக்கு எப்போதும் டிராக்கைக் கேட்டு வாங்குங்கள், அது எந்த மாதத்தில் பதிவானது என்றும் கேளுங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் குரல் வராது, கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். பழகிவிட்டால் அதுதான் நிம்மதி. நீங்கள் போகும்போதும் பதிவை ஆன் செய்து வையுங்கள். திரும்பி வர அதைவிடப் பத்திரமான வழி வேறில்லை.

தனிக் கருவி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அது தார் ரோட்டுக்கான கருவியா, தடத்துக்கான கருவியா என்று பாருங்கள். 2009 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் சேவையை இலவசமாகத் தந்ததும், தனிக் கருவி செய்யும் கார்மின், டாம்டாம் நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. இன்று வரும் தனிக் கருவிகளில் பல, லாரிக்கு, பைக்குக்கு, காட்டுப்பாதைக்கு என்று குறிப்பிட்ட வேலைக்கென்றே செய்யப்படுகின்றன. மலிவான தார் ரோட்டுக் கருவிகளில் ஒரு குணம் உண்டு. நீங்கள் மண்தடத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், அதுவோ உங்கள் அம்புக்குறியைப் பக்கத்தில் இருக்கும் ரோட்டின் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடும். ஊருக்குள் அது வசதி. காட்டில் அது பொய்.

அப்புறம், ஜிபிஎக்ஸ் டிராக்கை ஏற்றிக் காட்டுமா, நீங்கள் போகும் பகுதிக்கு மேப் கிடைக்குமா, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஏற்ற முடியுமா, மேப் புதுப்பித்தல் வாங்கிய விலையிலேயே அடங்குமா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உள்பாதை அதன் மேப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பரத்தைவிட அது நிறையச் சொல்லும்.

பழைய கருவி கைமாறி வருகிறது என்றால் தேதியைச் சரிபாருங்கள். ஜிபிஎஸ் தன் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ல் அது நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அதன் பிறகு தவறான தேதி காட்டுகின்றன. வானம் தெரியும் இடத்தில் கால்மணி நேரம் வைத்தும் தேதி பல வருடம் பின்னால் நின்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. எனக்கு மிகப் பிடித்த வழி இது. சிம்மை எடுத்துவிட்டு, தேவையில்லாத ஆப்களையெல்லாம் நீக்கிவிட்டு, மேப்பை மட்டும் நிரப்பி வண்டியில் வைத்துவிடுங்கள். அழைப்பு வராது, செய்தி வராது. தனிக் கருவியில் பாதி வசதி செலவில்லாமல் வந்துவிடும். உங்கள் அன்றாடப் போன் பையில் முழு சார்ஜோடு பத்திரமாக இருக்கும், அதுதான் பெரிய லாபம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

டேப்லெட் வைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது, சிம் போடும் மாடலில்தான் உண்டு. பெரிய திரையை ஆசையாக மாட்டிவிட்டு, காட்டில் போய்ப் புள்ளியே வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

கார் திரையிலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இருக்கிறதே?

போனின் மேப்பைக் கார் திரையில் காட்டும் வசதிகள் அவை. நல்லதுதான், பெரிய திரை, போனுக்கும் வெயில் படாது. ஆனால் மூளை போனில்தான் இருக்கிறது. போனில் ஆஃப்லைன் மேப் இல்லையென்றால் கார் திரையும் வெறும் கட்டம்தான். மண்பாதையில் வயர் போட்டே இணையுங்கள், கம்பியில்லா இணைப்பு போனைச் சூடாக்கும்.

ஆபத்து என்றால் ஜிபிஎஸ் கருவி உதவி கூப்பிடுமா?

கூப்பிடாது. தயவுசெய்து இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். ஜிபிஎஸ் ஒருவழிப் பாதை, கருவி கேட்க மட்டுமே செய்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது.

அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கார்மின் இன்ரீச் போன்ற கருவிகள் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும், சந்தா கட்ட வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி சந்தா இல்லாமலே சர்வதேச மீட்பு அமைப்புக்கு அழைப்பு அனுப்பும், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி இருக்கிறது. அது சில நாடுகளில் மட்டும்தான், வானம் திறந்திருக்க வேண்டும். சில நாடுகளில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளுக்கு அனுமதி தேவை, வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

காசே இல்லாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. இந்த நேரத்துக்குள் பேசவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காகித மேப் இன்னும் தேவையா?

தேவை. சார்ஜ் தீராது, விழுந்தால் உடையாது, மொத்தப் பகுதியையும் ஒரே பார்வையில் காட்டும். சின்னத் திரையில் அடுத்த திருப்பம் தெரியும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமா அந்தப் பக்கமா, பெரிய ரோடு எந்தத் திசையில் என்ற உணர்வு காகிதத்தில்தான் வரும். முழுப் பகுதியும் ஒரே தாளில் இருந்தால் போதும்.

அவசரத்தில் என் இடத்தை எப்படிச் சொல்வது?

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படியுங்கள். ஆனால் எந்த வடிவில் படிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. போன் வழக்கமாகப் பாகையை (டிகிரியை) தசமத்தில் காட்டும், 10.50833 என்பது மாதிரி. பல தனிக் கருவிகள் பாகை, கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று பிரித்து 10 பாகை 30.5 கலை என்று காட்டும். இரண்டும் ஒரே இடம்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டவர் 10.305 என்று எழுதிக்கொண்டால் 22 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த் தேடுவார்கள்.

கிளம்பும் முன்பே போனையும் தனிக் கருவியையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள், தசமப் பாகை எளிது. புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும், அது சுமார் 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். படிக்கும்போது ஒவ்வோர் எண்ணாக, மெதுவாக, "ஒன்று, பூஜ்யம், புள்ளி, ஐந்து" என்று சொல்லி, எதிர்ப்பக்கம் இருப்பவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். வண்டியில் உங்களோடு வருகிறவருக்கும் அந்த எண் எந்தத் திரையில் வரும் என்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள், பேசும் நிலையில் இருப்பவர் அவராக இருக்கலாம்.